களிமண் நனையும் வேகத்துக்குத் திட்டமிடுங்கள்: அணுசக்தித் துறைக்கு ஒரு திறந்த மடல்

அணுசக்தித் துறையின் செயலர் அவர்களுக்கும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

2013 மே 6 அன்று கூடங்குளம் வழக்கில் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம் 15 உத்தரவுகளைப் பிறப்பித்தது. பயன்படுத்தி முடித்த எரிபொருளை நிரந்தரமாக வைக்க, நிலத்தின் ஆழத்தில் ஒரு களஞ்சியம் கூடிய விரைவில் அமைக்கப்பட வேண்டும், அதனால் மக்களின் அச்சம் நீங்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. நாட்டில் அப்படி ஒரு களஞ்சியம் இன்னும் இல்லை. நான் இந்த மடலில் கேட்பது அதற்கும் முந்தைய ஒரு வேலையை. கழிவைச் சுற்றி அரணாக வைக்கப்படும் களிமண்ணை நம் நாட்டிலிருந்தே எடுத்து, நம் நாட்டுப் பாறைக்குள் முழு அளவில் வைத்து, சூடேற்றி, அது எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று பல பத்தாண்டுகள் அளந்து பார்க்கிற சோதனை அது. அதை இப்போதே தொடங்குங்கள். அளவீடுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். காற்றாலைக்கும் பாலத்துக்கும் வீட்டுக்கும் அஸ்திவாரம் போடுமுன் மண்ணைச் சோதித்துச் சொல்வது என் தொழில். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலை அறிந்த யாருக்கும் வீங்கும் களிமண்ணைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் நிலம், ஐப்பசி மழையில் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு உப்பும், வீட்டுத் தரையைத் தூக்கும், சுவரைப் பிளக்கும். கரிசலுக்கு அந்தக் குணத்தைக் கொடுக்கிற கனிமக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மாண்ட்மோரிலோனைட். அது நிறைந்த களிமண்ணுக்குப் பென்டோனைட் என்று பெயர். அஸ்திவாரத்துக்கு ஆழத் துளையிட்டுப் பைல் போடுகிறவர்கள் அந்தத் துளை இடிந்து விழாமல் இருக்கக் கரைத்து ஊற்றுகிற அதே பென்டோனைட்தான். எங்களுக்குத் தொல்லை தரும் இந்தக் குணத்தையே அணுக்கழிவைப் பூட்டி வைக்கும் அரணாக உலகம் நம்பியிருக்கிறது. நானும் அதை நம்பத் தகுந்ததாகவே நினைக்கிறேன். அதனால்தான் அதை அவசரப்படுத்திக் கெடுத்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

மண் வீங்குமா என்று பார்க்க எங்கள் கூடத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. சலித்து உலர்த்திய மண்ணில் பத்துப் பத்துக் கிராம் எடுத்து, இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போடுவோம். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் போட்ட மண் போட்டபடி கிடக்கும். தண்ணீரில் போட்டது உயர்ந்திருக்கும். சோடியம் பென்டோனைட் என்றால் வழக்கமான குழாய் போதாது, பெரிய குழாய் எடுக்க வேண்டும் அல்லது மண்ணைக் குறைக்க வேண்டும். ஈரமாவதால் மட்டும் இந்த மண் வீங்குவதில்லை, தண்ணீரால்தான் வீங்குகிறது என்று கல்லூரி மாணவனுக்கு ஒரே நாளில் புரியவைக்கும் சோதனை இது.

காரணம் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. மாண்ட்மோரிலோனைட் என்பது ஒரு நானோமீட்டர் தடிமனே உள்ள தகடுகளின் அடுக்கு. தகட்டின் நடுவில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கும். அதனால் தகடு முழுதும் ஒரு எதிர்மின்சுமை நிற்கிறது. அதைச் சமன்செய்ய, தகடுகளுக்கு நடுவே சோடியமோ கால்சியமோ அயனியாக வந்து தங்குகிறது. இந்த அயனிகளுக்குத் தண்ணீர் மீது அவ்வளவு நாட்டம். ஈரம் கிடைத்ததும் தம்மைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொள்ளும். முதலில் ஒரு நீரடுக்கு, அப்புறம் இரண்டு, மூன்று. ஒவ்வொரு அடுக்குக்கும் தகடுகள் கொஞ்சம் விலகும். அதற்கு மேல் இடமும் நீரும் இருந்தால், தகடுகளுக்கு நடுவே அயனிகள் அடர்ந்தும் வெளியே நீர்த்தும் இருப்பதால் சவ்வூடு பரவல் போலத் தண்ணீர் இன்னும் உள்ளே இழுபடும். ஒரு கிராம் மாண்ட்மோரிலோனைட்டில் இந்தத் தகடுகளின் மொத்தப் பரப்பு 700 சதுர மீட்டருக்கு மேல் வரும், நம் கணக்கில் 17 சென்ட் நிலம். தண்ணீர் ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம் இருக்கிறது.

இந்த மண்ணை அழுத்திக் கட்டியாக்கி, நகர இடமில்லாத ஒரு குழிக்குள் வைத்துவிட்டுத் தண்ணீர் காட்டினால் என்ன ஆகும்? வீங்க முடியாத மண் சுற்றிலும் அழுத்தும். பின்லாந்தும் சுவீடனும் தேர்ந்தெடுத்த முறை இதுதான். 400 மீட்டருக்கும் மேலான ஆழத்தில், கடினப் பாறையில் 1.75 மீட்டர் அகலத்துக்குச் செங்குத்தாகத் துளை. நடுவில் கழிவை அடைத்த, 1.05 மீட்டர் அகலமுள்ள கலம். உள்ளே வார்ப்பிரும்பு, வெளியே 5 சென்டிமீட்டர் செம்பு. சுற்றிலும் 35 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பென்டோனைட். பாறையில் கசியும் தண்ணீரைக் குடித்து முழுவதும் நனைந்த பிறகு அந்தக் களிமண் ஏழெட்டு மெகாபாஸ்கல் அழுத்தம் கொடுக்கும். கடலுக்குள் 700 மீட்டர் இறங்கினால் இருக்கும் அழுத்தம் அது. கட்டிகளின் இணைப்புகள், சந்துகள், பாறையின் சிறு பிளவுகள் எல்லாம் அடைபடும். அந்த நிலையில் அதன் வழியே நீர் போவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஒரு மீட்டர் தடிமனுக்கு ஒரு மீட்டர் நீர்மட்ட வித்தியாசம் இருந்தாலும், ஆயிரம் ஆண்டில் கடக்கும் நீரின் உயரம் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வரும். கலம் என்றாவது ஓட்டையானால் உள்ளிருப்பது ஓடி வர முடியாது, மூலக்கூறு மூலக்கூறாக ஊர்ந்துதான் வர வேண்டும். வரும் வழியில் புளூட்டோனியம் போன்றவை களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். அயோடின்-129 அப்படி ஒட்டாது. அதன் அரைவாழ்வோ 1 கோடியே 57 லட்சம் ஆண்டு. ஆகவே களிமண் ஒன்றே போதும் என்று யாரும் சொல்வதில்லை. கலம், களிமண், பாறை மூன்றும் சேர்ந்துதான் அரண்.

கலத்தைக் காப்பாற்றுவதிலும் இந்த அழுத்தத்துக்குப் பங்கு உண்டு. நிலத்தடியில் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சல்பைடு செம்பை அரிக்கும். களிமண் போதுமான அடர்த்தியோடு, இரண்டு மெகாபாஸ்கலுக்கு மேல் வீங்கி நின்றால் அவற்றுக்கு அங்கே வளர இடமிருக்காது.

மேலே எழுதியதெல்லாம் களிமண் முழுதும் நனைந்த பிறகு நடப்பது. நனைய எவ்வளவு காலம் ஆகும் என்பதில்தான் என் கவலை இருக்கிறது.

கழிவு சூடாக இருக்கும். களிமண் கெடாமல் இருக்க 100 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று பின்லாந்தும் சுவீடனும் வரம்பு வைத்திருக்கின்றன. அந்தச் சூட்டில், கலத்தை ஒட்டிய களிமண்ணில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளிப்பக்கம் நகரும். பாறையோரமாகக் குளிர்ந்த இடத்தில் மறுபடி நீராகும். ஆகவே முதல் சில ஆண்டுகளில் உள்பக்கம் காய்ந்து சுருங்கும், வெளிப்பக்கம் நனைந்து வீங்கும். பாறையிலிருந்து வரும் நீர் இந்தச் சூட்டை எதிர்த்து உள்ளே போக வேண்டும். காய்ந்த களிமண்ணின் உறிஞ்சும் விசை பல பத்து மெகாபாஸ்கல் இருக்கும் என்பது உண்மை. ஆனால் இழுக்கிற மண்ணே நீரை மிக மெதுவாகத்தான் கடத்துகிறது. நனைய நனைய வெளிப்பக்கத்து வழிகள் அடைபடுகின்றன, உறிஞ்சும் விசையும் குறைகிறது. இதற்கெல்லாம் மேல், பாறை எவ்வளவு தண்ணீர் கொடுக்கிறது என்பது இருக்கிறது. நல்ல பாறை என்று நாம் தேடுவதே தண்ணீர் கசியாத பாறையைத்தான்! அப்படிப்பட்ட பாறையில், ஒரு துளை சில பத்தாண்டுகளில் நனைந்துவிடும், அதே சுரங்கத்தில் இன்னொரு துளை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் என்று பின்லாந்து, சுவீடன் ஆகிய நார்டிக் நாடுகளின் கணக்குகளே சொல்கின்றன.

கணக்கு இருக்கும்போது சோதனை எதற்கு என்று கேட்கலாம். சுவிட்சர்லாந்தின் கிரிம்சல் மலைக்குள் ஸ்பெயின் நாட்டவர் முன்னின்று நடத்திய ஃபெபெக்ஸ் சோதனைதான் அதற்கு என் பதில். சுரங்கப் பாதையில் கலத்தின் அளவுக்குச் செய்த இரண்டு ஹீட்டர்களை வைத்து, சுற்றிலும் ஸ்பெயினின் அல்மேரியா பகுதிப் பென்டோனைட்டை அடுக்கி, 1997 பிப்ரவரியில் சூடேற்றத் தொடங்கினார்கள். 100 டிகிரியில் நிறுத்தி வைத்தார்கள். 2002இல் ஒரு ஹீட்டரைப் பிரித்து எடுத்தார்கள். மற்றதை 2015 வரை ஓடவிட்டார்கள். 18 ஆண்டுகள். பிரித்துப் பார்த்தபோது கட்டிகளுக்கு நடுவே இருந்த சந்துகள் மூடியிருந்தன. அது நல்ல செய்தி. பாறையோரத்துக் களிமண் நன்றாக நனைந்திருந்தது, ஹீட்டரை ஒட்டியது இன்னும் முழுதும் நனையவில்லை. வெளிப்பக்கம் வீங்கி அடர்த்தி குறைந்தும், உள்பக்கம் அமுங்கி அடர்த்தி கூடியும் இருந்தது. 18 ஆண்டில் அந்த வேறுபாடு சமனாகவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. முதல் ஆண்டுகளின் அளவீடுகளோடு நன்றாகப் பொருந்திய கணக்கு முறைகள், பின்னாளில் உள்பக்கம் ஈரம் ஏறும் வேகத்தைக் கூடுதலாகச் சொல்லிவிட்டன. உண்மையில் அது மெதுவாக ஏறியது. ஏன் என்று ஆராய்ந்துதான் களிமண்ணுக்குள் நீர் நகர்வதைப் பற்றிய புரிதலே முன்னேறியது. ஐந்தாம் ஆண்டில் எல்லாவற்றையும் மூடியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

சுவீடனின் ஏஸ்போ ஆய்வகத்தில் 2000இல் தொடங்கிய இன்னொரு சோதனையில் நிஜ அளவுக் கலத்தையும் களிமண்ணையும் துளைக்குள் இறக்கினார்கள். பாறை தரும் தண்ணீரை நம்பிக் காத்திருக்க முடியாது என்று, துளையின் சுவரோரம் வடிகட்டிப் பாய் பதித்துத் தாங்களே தண்ணீர் செலுத்தினார்கள். அப்படிச் செலுத்தியும் ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் பிரித்தார்கள். இந்த மண்ணிடம் காலக்கெடு செல்லாது.

தண்ணீர் வேகமாக வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. களிமண் வீங்கி இறுகுவதற்கு முன், ஒரு பிளவின் வழியே நீர் விசையோடு வந்தால், மென்மையான களிமண்ணைக் கரைத்துக் குழாய் போல வழி போட்டுக்கொண்டு ஓடும். போகும்போது மண்ணையும் கொண்டுபோகும். மண் குறைந்தால் அடர்த்தி குறையும், அழுத்தம் குறையும், மேலே சொன்ன பாக்டீரியாவுக்கு இடம் கிடைக்கும். இதனால்தான் நிமிடத்துக்குப் பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் வந்தாலே அந்தத் துளையை விலக்கிவிட வேண்டும் என்ற அளவுக்கு நார்டிக் நாடுகளில் கண்டிப்பாக இருக்கிறார்கள். மெதுவாகவும் வர வேண்டும், வராமலும் இருந்துவிடக் கூடாது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எந்த இந்தியப் பாறை நிற்கிறது என்பதைப் பாறைக்குள் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும்.

தண்ணீரின் தன்மை இன்னொரு கேள்வி. உப்பு கூடினால் வீங்கும் அழுத்தம் குறையும். கால்சியம் அதிகமுள்ள நீர், தகடுகளுக்கு நடுவே இருக்கும் சோடியத்தை மெல்ல வெளியேற்றி மண்ணின் குணத்தையே மாற்றும். உப்பே இல்லாத மென்மையான நீர் வந்தாலும் ஆபத்து: வெளி ஓரத்துக் களிமண் கூழாகிப் பிளவுகளுக்குள் கலந்து போய்விடும். பனியுகம் முடிந்து பனிப்பாறை உருகும்போது அப்படி நீர் இறங்கலாம் என்று சுவீடனும் பின்லாந்தும் அஞ்சுகின்றன. நம் ஊருக்குப் பனிப்பாறை வரப்போவதில்லை, பருவமழை வரும். ஆழத்துப் பாறைப் பிளவில் எந்த நீர், எந்த உப்போடு, எத்தனை காலமாக நிற்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் வயோமிங் களிமண்ணைப் பின்லாந்து நீரில் சோதித்த முடிவு ராஜஸ்தான் களிமண்ணுக்கும் தக்காணத்துப் பாறை நீருக்கும் அப்படியே பொருந்தாது.

உங்கள் துறையில் இந்த வேலையே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பார்மர், பிகானேர் பென்டோனைட்டை வைத்து நம் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். வீங்கும் அழுத்தம், நீர் கடத்தும் திறன், சூட்டில் வரும் மாற்றம் என்று கவனமாகச் செய்த வேலை. 1980களில் கோலார் தங்கச் சுரங்கத்தில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஓர் அறையில் பாறையைச் சூடேற்றிப் பார்த்ததும் உங்கள் துறைதான். அந்தத் தைரியம் அன்றே இருந்தது. ஆனால் ஆய்வகக் கட்டுரைகளில் வரும் மாதிரி உள்ளங்கையில் அடங்குவது. சில சென்டிமீட்டர் மண் நனையும் நேரத்தை வைத்து 35 சென்டிமீட்டரைக் கணக்கிடும்போது தடிமனின் வர்க்கத்தால் நேரம் பெருகும். அதோடு சூடும் ஆவியும் சந்துகளும் பாறையின் சீரற்ற கசிவும் சேர்ந்துகொள்ளும். ஆய்வக முடிவு தொடக்கப்புள்ளி. அதை வைத்தே முடிவெடுக்க முடியாது.

நம்முடைய கழிவு அளவில் சிறியது, எரிபொருளை மறுசுழற்சி செய்கிறோம், மிச்சத்தைக் கண்ணாடியோடு உருக்கிக் கலனில் அடைத்துக் காற்றோட்டமுள்ள கிடங்கில் பல பத்தாண்டு ஆறவைக்கிறோம், ஆகவே ஆழ்நிலக் களஞ்சியத்துக்கு இப்போது அவசரம் இல்லை என்பது உங்கள் நிலைப்பாடு. கல்பாக்கத்திலும் அப்படிக் கண்ணாடியாக்கும் ஆலை இருக்கிறது. ஆறவைப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சூடு குறையக் குறையக் களிமண்ணுக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் கழிவு ஆறுகிற பத்தாண்டுகள்தான் நமக்குக் களிமண்ணைச் சோதிக்கக் கிடைத்த பத்தாண்டுகள். கழிவு ஆறி முடித்த பிறகு சோதனையைத் தொடங்கினால், இன்னொரு முப்பது ஆண்டு காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அப்போது ஐந்தாண்டு அளவீட்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கணக்கில் நிரப்பி, ஒப்புதல் கொடுத்துவிடுவார்கள். நான் பயப்படுவது அதற்குத்தான்.

பின்லாந்தின் கதையில் ஆண்டுகளை மட்டும் பாருங்கள். களஞ்சியத்தை ஓல்கிலுவோட்டோ என்ற இடத்தில் அமைக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது 2001இல். அங்கே ஓன்கலோ என்ற சுரங்கத்தை 2004இல் வெட்டத் தொடங்கினார்கள். கட்டுமான உரிமம் 2015இல். இயக்க உரிமத்துக்கு விண்ணப்பித்தது 2021 இறுதியில். கழிவு இல்லாத கலங்களை வைத்து ஒத்திகை தொடங்கியது 2024 ஆகஸ்டில். நடுவில் ஒழுங்குமுறை அமைப்பு தன் பரிசீலனைக்குக் கூடுதல் காலம் கேட்டு வாங்கியது. யாரும் அதை அவமானமாகப் பார்க்கவில்லை.

இனி, வெளிப்படைத்தன்மை பற்றி. 2018 ஜனவரியில் சுவீடனின் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்புக் கலத்தின் அரிப்பு பற்றிய ஐயங்கள் தீரவில்லை என்று அரசிடம் வெளிப்படையாகச் சொன்னது. எதிர்த்த வேதியியலாளர்களின் வாதமும் களஞ்சியம் கட்ட விண்ணப்பித்த நிறுவனத்தின் பதிலும் பொதுவெளியில் இருந்தன. கூடுதல் விளக்கங்கள் கேட்கப்பட்டு, 2022 ஜனவரியில் அரசு ஒப்புதல் தந்தது. ஒரு விஷயத்தைத் திறந்து வைத்துச் சண்டை போட்டதால் அந்தத் திட்டம் செத்துப்போகவில்லை.

நம் பக்கம் என்ன நடந்தது? 2012இல் கூடங்குளம் வழக்கின்போது கழிவு கோலார் சுரங்கத்துக்குப் போகும் என்ற செய்தி வெளியே வந்தது. தங்கவயல் கொதித்தது. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்துக்கு உழைக்க வட தமிழகத்திலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகள். 2001இல் சுரங்கத்தை மூடி வேலையைப் பறித்த பிறகு, இப்போது இதுவுமா என்று தெருவுக்கு வந்தார்கள். அப்படி ஒரு திட்டமே இல்லை என்று பிறகு மறுப்பு வந்தது. 2019 ஜூலையில், கூடங்குளத்தில் அமையவிருந்த எரிபொருள் சேமிப்பு மையத்துக்காக ராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் பார்த்த மக்களிடம் நாளை ஒரு சோதனைச் சுரங்கம் என்று போய் நின்றால் யார் நம்புவார்கள்?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. கிரிம்சலும் ஏஸ்போவும் ஆய்வுக்கு மட்டுமானவை. அங்கே கழிவைப் புதைக்க மாட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சோதனைக்கு ஒரு பாறையைத் தேர்ந்தெடுங்கள், அங்கே என்றைக்கும் அணுக்கழிவு வராது என்று சட்டப்படி எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு முதல் கலத்தை இறக்குங்கள். மின்சார ஹீட்டர் போதும், கதிரியக்கம் எதுவும் வேண்டாம். சுற்றி நம் பென்டோனைட், பாறை ஓரத்துச் சந்தில் அதே களிமண்ணின் குருணை. வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் காட்டும் உணரிகள். உணரிகள் பழுதாகும் என்பது எல்லாச் சோதனைகளிலும் தெரிந்த விஷயம், ஆகவே தாராளமாக வையுங்கள். ஒன்றல்ல, பல துளைகள் போடுங்கள்: ஒன்றை ஐந்தாம் ஆண்டிலும், ஒன்றைப் பதினைந்தாம் ஆண்டிலும் பிரித்துப் பாருங்கள், ஒன்றை நம் பேரப்பிள்ளைகள் பிரிக்க விட்டுவையுங்கள். ஈரமான துளை ஒன்றும் காய்ந்த துளை ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

அளவீடுகளை மாதந்தோறும் வெளியிடுங்கள். முன்கூட்டியே போட்ட கணக்கையும் பக்கத்தில் வையுங்கள், எங்கே பிசகுகிறது என்று ஐஐடி மாணவரும் பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவரும் பார்த்துச் சொல்லட்டும். பிசகினால் உங்கள் மரியாதை குறையாது. ஃபெபெக்ஸ் நடத்தியவர்களுக்கும் குறையவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் ஓர் அறிக்கை கொடுங்கள். அதில் களிமண் இந்த ஆண்டு எத்தனை சென்டிமீட்டர் நனைந்தது என்று ஒரு மீனவர் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி எழுதியிருக்க வேண்டும். இடிந்தகரைக்காரர்களுக்குக் கடலடி அழுத்தத்தை நாம் விளக்க வேண்டியதில்லை, அவர்கள்தான் நமக்கு விளக்குவார்கள்.

ஒழுங்குமுறை வாரியத்திடம் தனியாக ஒன்று. களஞ்சியத்துக்கு என்றைக்கு விண்ணப்பம் வந்தாலும், நம் பாறையில் குறைந்தது 20 ஆண்டு ஓடிய முழு அளவுச் சோதனை இல்லாமல் அதைப் பரிசீலனைக்கே எடுக்க மாட்டோம் என்று இப்போதே விதியாக எழுதி வையுங்கள். அவசரம் வந்த பிறகு இந்த விதியை எழுத முடியாது.

உலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு நடக்கட்டும். நாளைக்கே எல்லா உலைகளையும் நிறுத்தினாலும், இதுவரை சேர்ந்த கழிவுக்கு இடம் பார்த்தாக வேண்டும். இந்த மடலுக்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். சோதனைக்கான இடத்தேர்வு எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு வரும் நிதியாண்டில் தொகை ஒதுக்கப்படுமா, அளவீடுகள் பொதுவில் வருமா என்ற மூன்றுக்கும் பதில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு மண் பரிசோதனைப் பொறியாளர்